பாதிக்கு மேல் தோற்கும் சோதனைகளை உலாவியில் சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு திறந்த மூல உலாவியை எழுதி வருகிறோம். இதுவரை நாங்களே எழுதிய சோதனைகள்தான். பெரிய உலாவிகள் பகிர்ந்துகொள்ளும் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தொகுப்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் தோற்றன, சிலவற்றில் உலாவியே விழுந்துவிட்டது. இதைச் சேர்த்தால் சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) எப்போதும் சிவப்பாக, அதாவது தோல்வியாகத்தானே இருக்கும்?

பதில்: சேருங்கள். சிவப்பைப் பற்றிய பயம் வேண்டாம். ஒரு சோதனை தோற்கிறது என்பது அன்றாட வேலைக்குப் பெரிய செய்தி இல்லை. நேற்று ஜெயித்தது இன்று தோற்றால்தான் செய்தி.

சர்வோ என்ற திறந்த மூல உலாவி எஞ்சின், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இதற்கு ஒரே வழிதான். இறக்குமதி செய்த சோதனைகள் ஒரு அடைவில் இருக்கும். எதிர்பார்ப்புகளை அவற்றுக்குள் எழுதுவதில்லை. இன்னொரு அடைவில் சிறு ஐஎன்ஐ கோப்புகள் (எளிய உரைக் குறிப்புக் கோப்புகள்) இருக்கும். இந்தச் சோதனையில் இந்த உட்சோதனை தோற்கும், அந்தச் சோதனை நேரம் கடந்துபோகும் என்று அவற்றில் எழுதி வைக்கிறார்கள். நிஜ முடிவு இந்தக் குறிப்போடு ஒத்துப்போனால் பச்சை. குரோமின் அடித்தளமான குரோமியத்திலும் எதிர்பார்க்கும் முடிவைக் கோப்பாக வைப்பதுதான் வழக்கம், வடிவம் மட்டும் வேறு.

தோற்கும் என்று எழுதியிருந்த சோதனை திடீரென்று ஜெயித்தாலும் பில்ட் நிற்க வேண்டும், அதாவது சிஐ சிவப்பாக வேண்டும். முதலில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பழுதைச் சரிசெய்தவர் அந்த வரியையும் அதே பேட்சில் (நிரல் மாற்றத்தில்) நீக்கிவிடுவார். எதைச் சரிசெய்தார் என்று மதிப்பாய்வு செய்பவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். சில நேரம் ஜெயித்து சில நேரம் தோற்கும் சோதனைக்கு இரண்டு முடிவுகளையும் சேர்த்து எழுதலாம். சோதனையையே முடக்குவது கடைசி வழி. ஆனால் உலாவியே விழும் சோதனைகளை இப்படிக் குறித்துவைத்துவிட்டு நகராதீர்கள், அவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டியதில்லை. எச்டிஎம்எல் பார்சரை (பக்கத்தின் குறியீட்டைப் படித்து மரமாக மாற்றும் பகுதியை) நீங்களே எழுதியிருந்தால், எச்டிஎம்எல்5லிப் சோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் உரைக்கோப்புகள்தான்: உள்ளீடு ஒரு பக்கம், வர வேண்டிய மரம் இன்னொரு பக்கம். உலாவிச் சாளரமே தேவையில்லை. யுஆர்எல் பார்சருக்கும் அப்படியே, சோதனைத் தரவு ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் சொந்தமானது என்றால் டெஸ்ட்262 என்ற ஜாவாஸ்கிரிப்ட் சோதனைத் தொகுப்பு வேண்டும். வி8, ஸ்பைடர்மங்கி மாதிரி இரவல் எஞ்சின் என்றால் அதை விட்டுவிடலாம், அவர்களே ஓட்டுகிறார்கள்.

அடுத்தது வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸின் டாம் அடைவு, அதாவது பக்கத்தின் மரத்தை ஜாவாஸ்கிரிப்ட் வழியே கையாளும் வசதிக்கான சோதனைகள். இங்கே சோதனைகளை நடத்தும் டெஸ்ட்ஹார்னஸ்.ஜேஎஸ் என்ற கோப்பே உங்கள் எஞ்சினில் ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் எல்லாமே தோல்வியாகத் தெரியும், காரணம் தெரியாது. முடிவுகளை உங்கள் நிரலுக்குக் கொண்டுவர டெஸ்ட்ஹார்னஸ்ரிப்போர்ட்.ஜேஎஸ் இருக்கிறது. அவரவர் உலாவிக்கேற்ப மாற்றிக்கொள்ளவே அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். கோப்புகளை வட்டிலிருந்து நேராகத் திறந்து ஓட்டினால் பல சோதனைகள் வேலை செய்யாது. பல டொமைன்கள், எச்டிடிபிஎஸ், தனி ஹெடர்கள் எல்லாம் தேவைப்படும். தொகுப்போடு வரும் பைதான் சர்வரை ஓட்டி, ஹோஸ்ட்ஸ் கோப்பில் அது சொல்லும் வரிகளைச் சேருங்கள். வெப்டிரைவர் (உலாவியை வெளியிலிருந்து நிரலால் இயக்கும் முறை) ஆதரவு எழுத முடிந்தால் இன்னும் நல்லது. தொகுப்பின் ஓட்டி உங்கள் உலாவியை இயக்கும், கிளிக் செய்ய வேண்டிய சோதனைகளும் ஓடும்.

ரெஃப்டெஸ்டுகளில் ஒரு பொறி உண்டு. சோதனைப் பக்கத்தையும் மாதிரிப் பக்கத்தையும் உங்கள் உலாவியே வரைந்து, இரண்டு படங்களையும் ஒப்பிடும். இரண்டுமே வெற்றுப் பக்கமாக வந்தாலும் ஜெயித்ததாகத்தான் கணக்கு! படம் வரைவது ஓரளவு நிலைபெறும் வரை இந்த வெற்றிகளை நம்பாதீர்கள். ஏஹெம் எழுத்துரு ஏற்றப்படுகிறதா என்றும் பாருங்கள். எழுத்துகள் பெரும்பாலும் சதுரங்களாக வரும் அந்த எழுத்துரு இல்லாமல் பல தளவமைப்புச் சோதனைகளுக்கு அர்த்தமில்லை.

தோற்ற சோதனைகளில் எதை முதலில் எடுப்பது என்பதற்கு, இத்தொகுப்பில் பெரிய உலாவிகளின் முடிவுகளைக் காட்டும் டபிள்யூபிடி.எஃப்ஒய்ஐ தளம் உதவும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் ஜெயித்து நீங்கள் மட்டும் தோற்றால், அநேகமாகப் பிழை உங்களுடையது. ஒன்றுதான் ஜெயிக்கிறது என்றால் முதலில் தரநிலையைப் படியுங்கள், சோதனையே தவறாக இருக்கலாம். கோப்புப் பெயரில் ‘டென்டேட்டிவ்’ என்று இருந்தால் அந்த நடத்தை இன்னும் முடிவாகவில்லை, தள்ளிவைக்கலாம்.

ஜெயித்தவற்றின் மொத்தச் சதவீதத்தைத் திட்டத்தின் முகப்பில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2008இல் ஆசிட்3 என்ற உலாவிச் சோதனைப் பக்கம் வந்தபோது 100 புள்ளிக்காக உலாவிகள் போட்டி போட்டன. எண்ணைத் துரத்தினால், பயனர் தினமும் தொடும் இடத்தை விட்டுவிட்டு, எளிதாக ஜெயிக்கும் உட்சோதனைகள் நிறைந்த அடைவுக்குத்தான் மனம் போகும்.

தொகுப்பைப் புதுப்பிப்பதைத் தனிக் கமிட்டாகவே (தனியாகப் பதியும் மாற்றமாகவே) செய்யுங்கள், மூலத்தின் கமிட் எண்ணையும் குறித்துவையுங்கள். எதிர்பார்ப்புக் கோப்புகளைத் தானாக மாற்றும் கட்டளையை அந்தக் கமிட்டில் மட்டும் ஓட்டுங்கள். நிரல் மாற்றத்தோடு சேர்த்து ஓட்டினால், புதிதாக உடைந்ததும் ‘தோற்கும்’ என்று சத்தமில்லாமல் பதிவாகிவிடும். ஒவ்வொரு பேட்சுக்கும் தேர்ந்தெடுத்த அடைவுகள் போதும், முழுத் தொகுப்பு இரவில் ஓடட்டும்.

அப்புறம் உங்கள் பழைய சோதனைகள். மெனு, தாவல், நினைவகம் பற்றியவை உங்களிடமே இருக்கட்டும். வலைப்பக்கத்தின் நடத்தையைச் சோதிப்பவற்றைப் பொதுத் தொகுப்புக்கே புல் ரெக்வெஸ்ட்டாக (சேர்த்துக்கொள்ளக் கோரும் மாற்றமாக) அனுப்பலாம். அங்கே உரிமம் மூன்று பிரிவு பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமம், எனவே எழுதியவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.