விண்டோஸ் தொடங்காத கணினியில் நிறுவல் சூழலின் கட்டளைச் சாளரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு மடிக்கணினி எழவே இல்லை, விண்டோஸ் நிறுவல் கோப்புகள் உள்ள யூஎஸ்பி விரலியைச் செருகி ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கிறது, அதில் என்ன செய்தால் கோப்புகளைக் காப்பாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். என் அனுபவத்தில் சொல்வது இதுதான்: முதல் அரை மணி நேரம் எதையும் சரிசெய்ய முயலாதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். எந்த வட்டில் என்ன இருக்கிறது என்பது உறுதியானதும் நகலெடுங்கள். பழுது நீக்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

நீங்கள் திறந்திருப்பது விண்டோஸ் பிஇ என்னும் சிறு இயங்குதளம். பெரிய விண்டோஸை நிறுவுவதற்காகவும் மீட்பதற்காகவும் 2002-இல் முதலில் வெளிவந்தது. 512 எம்பி நினைவகம் இருந்தாலே இயங்கும். அது முழுவதும் நினைவகத்தில் ஏற்றப்பட்டு, எக்ஸ் என்ற எழுத்துள்ள வட்டாகத் தெரியும். ஆகவே எக்ஸ் வட்டில் சேமிக்கும் எதுவும் மறுதொடக்கத்தோடு அழிந்துவிடும். 72 மணி நேரம் தொடர்ந்து இயங்கினால் அது தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும் என்பதையும், 64-பிட் பிஇயில் 32-பிட் நிரல்கள் ஓடா என்பதையும் நினைவில் வையுங்கள். கீழே கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில்தான் கொடுக்க வேண்டும்.

முதலில், வட்டுகளை நிர்வகிக்கும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளையைக் கொடுத்து, அதற்குள் லிஸ்ட் டிஸ்க், பிறகு லிஸ்ட் வால்யூம் என்ற இரண்டையும் கொடுங்கள். இவை எதையும் மாற்றுவதில்லை, காட்டுவதோடு சரி. இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: உங்கள் கணினியில் சி என்று இருந்த பகுதி, பிஇயில் டி என்றோ இ என்றோ வரலாம். வட்டு எழுத்துகளைப் பிஇ தன் போக்கில் புதிதாக வழங்குகிறது. அதனால் டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியே வந்து, டிஐஆர் கட்டளையால் ஒவ்வொரு எழுத்தையும் திறந்து, விண்டோஸ், யூசர்ஸ் ஆகிய கோப்புறைகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இன்றும் தாளில்தான் எழுதுகிறேன்.

உங்கள் வட்டே பட்டியலில் வராமல் போகலாம். செந்தூலிலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இன்டெல் பதினோராம் தலைமுறை மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று ஆண்டு நாள் பாடத்திட்டங்கள் அதில் இருந்தன, வேறு நகல் இல்லை. லிஸ்ட் டிஸ்க் கொடுத்தபோது என் விரலி மட்டுமே தெரிந்தது. “டிஸ்க் போய்விட்டதா தம்பி?” என்று அவர் கேட்ட குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “இல்லை டீச்சர், அதைப் பார்க்கத் தேவையான டிரைவர்தான் இதில் இல்லை” என்றேன். அந்தத் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்னும் இன்டெல் கட்டுப்படுத்தியின் பின்னால் இருக்கிறது. இன்டெல் சேமிப்பக டிரைவரை வேறொரு கணினியில் பதிவிறக்கிப் பிரித்து, விரலியில் வைத்து, டிரைவரை ஏற்றும் டிஆர்விலோட் கட்டளையோடு, அந்த டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தேன். மறுபடியும் லிஸ்ட் டிஸ்க் கொடுத்ததும் 476 ஜிபி என்ற வரி வந்து நின்றது. 512 ஜிபி என்று விற்கப்படும் எஸ்எஸ்டி, டிஸ்க்பார்ட்டில் அப்படித்தான் தெரியும்.

வட்டு தெரிந்தும் உள்ளே போக முடியவில்லை, பிட்லாக்கர் என்னும் விண்டோஸின் குறியாக்க வசதி அதைப் பூட்டியிருந்தது. மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழையும் புதிய மடிக்கணினிகளில் பயனருக்கே தெரியாமல் இது இயங்கத் தொடங்கிவிடுகிறது. நல்ல வேளையாக, மீட்புத் திறவுகோல் பெரும்பாலும் அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆசிரியை தம் கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து 48 இலக்கங்களையும் ஆறு ஆறாக வாசிக்க, நான் மேனேஜ்-பிடிஇ கட்டளையில் அன்லாக், ரெகவரிபாஸ்வேர்ட் ஆகிய தெரிவுகளோடு அவற்றைத் தட்டச்சு செய்தேன். இந்தக் கருவி, மைக்ரோசாப்ட்டின் ஏடிகே என்னும் கருவித்தொகுப்பைக் கொண்டு நாமே உருவாக்கும் அடிப்படைப் பிஇயில் இல்லை. டபிள்யூஎம்ஐ, செக்யூர்ஸ்டார்ட்டப் ஆகிய தொகுப்புகளை முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும்.

நகலெடுப்பதற்கு, விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பி கட்டளையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அதன் இயல்பான அமைப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. படிக்க முடியாத ஒரு கோப்பை அது பத்து இலட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 நொடி இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் முயலும். பழுதடையத் தொடங்கிய வட்டில் இது நஞ்சு. ஆர்:1, டபிள்யூ:1 என்று கொடுத்தால் ஒரே ஒரு முறை மறுபடி முயன்றுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும். துணைக் கோப்புறைகளுக்கு இ என்ற தெரிவையும், யூசர்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் இணைப்புகளில் சிக்கிச் சுற்றாமல் இருக்க எக்ஸ்ஜே என்ற தெரிவையும் சேருங்கள். பதிவுக் கோப்பை எக்ஸ் வட்டில் அல்லாமல் வெளி வட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தக் கோப்புகள் விடுபட்டன என்பதை நோட்பேடில் திறந்து பார்க்கலாம், அது பிஇயிலேயே இருக்கிறது. ஏடிகே வழியாக உருவாக்கிய என் பிஇ அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இயங்குவதால், கோப்புகளின் நேரம் நம் நேரத்துக்கு 15 அல்லது 16 மணி பின்தங்கித் தெரியும். அதைப் பார்த்து, பழைய கோப்புதான் கிடைத்தது என்று கலங்க வேண்டாம்.

நகல் கையில் வந்த பிறகு பழுதைத் தொடலாம். புதுப்பிப்புக்குப் பிறகு எழவில்லை என்பதால், விண்டோஸ் இருக்கும் எழுத்தைச் சுட்டி, டிஸ்ம் கட்டளையில் கிளீனப்-இமேஜ், ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ் ஆகிய தெரிவுகளைக் கொடுங்கள். பாதியில் நின்ற புதுப்பிப்பை அது பின்வாங்கச் செய்யும். அதன் பிறகும் எழாமல், தொடக்கக் கோப்புகள்தான் சிதைந்திருக்கின்றன என்று தெரிந்தால், லிஸ்ட் வால்யூமில் ஃபேட்32 என்று காட்டும் சிறிய பகுதியை, அது விரலி இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, தேர்ந்தெடுத்து, அதற்கு எஸ் என்ற எழுத்தை அசைன் செய்து, தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதும் பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் கோப்புறையின் பாதையையும் எஸ் வட்டையும் யூஇஎஃப்ஐ என்ற தெரிவையும் கொடுங்கள். “பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுலி கிரியேட்டட்” என்று வந்தால், டபிள்யூபிஇயூடில் ரீபூட் கொடுத்துவிட்டு விரலியை எடுத்துவிடலாம்.

இவையும் உதவாமல் மறுநிறுவலுக்குப் போனால், டிஸ்க்பார்ட்டில் வட்டைத் துடைக்கும் கிளீன் என்ற கட்டளையைச் சந்திப்பீர்கள். அது “நிச்சயமா?” என்று கேட்காது. சில ஆண்டுகளுக்கு முன் 476 ஜிபி உள்வட்டும் 465 ஜிபி வெளிவட்டும் ஒன்றாக இணைந்திருந்தபோது, நான் எண் மாற்றிக் கொடுத்து, வாடிக்கையாளரின் நகல் வட்டையே துடைத்துவிட்டேன். கிளீன் பகிர்வுத் தகவலைத்தான் அழிக்கிறது, கிளீன் ஆல் போல முழு வட்டிலும் பூஜ்யம் எழுதுவதில்லை என்பதால் இரண்டு நாள் உழைத்து மீட்டுக் கொடுக்க முடிந்தது. அன்றிலிருந்து நகல் வட்டைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்த பிறகே கிளீன் பக்கம் போகிறேன். அப்போதும் செலக்ட் டிஸ்க் கொடுத்ததும் டீட்டெய்ல் டிஸ்க் கொடுத்து, வட்டின் தயாரிப்புப் பெயரை வாய்விட்டு வாசிக்கிறேன்.