ஜெர்மனி மகளிர் கால்பந்து: கீழ்நிலை லீக்குகள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மகளிர் புண்டஸ்லீகாவுக்குக் கீழே எத்தனை படிகள் இருக்கின்றன?

பதில்: முதலிரண்டு லீக்குகளும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. முதல் படியான புண்டஸ்லீகாவில் 2025 முதல் 14 அணிகள். அதற்கு முன் 12. இரண்டாம் புண்டஸ்லீகாவிலும் 14தான். மூன்றாம் படியான ரெகியோனல்லீகா வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு என்று ஐந்தாகப் பிரிகிறது. அதன் கீழே மாநிலச் சங்கங்களின் ஆட்சி. பவேரியாவில் பயர்ன்லீகா, வெஸ்ட்ஃபாலியாவில் வெஸ்ட்ஃபாலன்லீகா என்று பெயரும் படிகளின் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் அடித்தட்டில் இருப்பது கிரைஸ்லீகா, அதாவது வட்டார லீக்.

கேள்வி: ரெகியோனல்லீகாவில் முதலிடம் பிடித்தால் மேலே போய்விடலாம் அல்லவா?

பதில்: அங்கேதான் சிக்கல். 2023இல் வடகிழக்கில் விக்டோரியா பெர்லின் முதலிடம் பிடித்தது. ஆனால் வடக்கின் சாம்பியனான ஹம்பர்க்குடன் தகுதிச்சுற்று ஆட வேண்டியிருந்தது. அதில் தோற்று, மறுபடியும் மூன்றாம் லீக்குக்கே திரும்பியது. 2025இல்தான் மேலே ஏற முடிந்தது. ஆண்டு முழுவதும் ஆடி வென்ற அணியை இரண்டே ஆட்டங்களை வைத்து நிறுத்திவைப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். சாம்பியன் மேலே போக வேண்டும். அதற்கேற்ப லீக்குகளை மாற்றி அமைக்கட்டும்.

கேள்வி: டோர்ட்முண்ட் இவ்வளவு பெரிய கிளப். அதன் மகளிர் அணியை ஏன் மேலே காணவில்லை?

பதில்: அந்த அணி தொடங்கியதே 2021இல்தான். ஏற்கெனவே மேலே ஆடிக்கொண்டிருக்கும் கிளப்புடன் இணைந்தால் அதன் இடம் கிடைத்துவிடும். 2020இல் ஐந்த்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் அப்படித்தான் புண்டஸ்லீகாவுக்குள் வந்தது. டோர்ட்முண்ட் அந்த வழியை நாடாமல் கிரைஸ்லீகாவில் இறங்கியது. ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி 2025இல் மேற்கு ரெகியோனல்லீகாவை எட்டியது. டோர்ட்முண்டின் மஞ்சள் சட்டைக்காரிகள் வருகிறார்கள் என்றால் சின்ன ஊர் மைதானத்திலும் கூட்டம் கூடும். அந்தச் சின்ன கிளப்புகளுக்கு அது பெரிய நாள். அதற்காகவே இந்த வழியை மனதாரப் பாராட்டுகிறேன்.

கேள்வி: கிராமத்தில் பதினொரு பேர் சேராவிட்டால்?

பதில்: பக்கத்து ஊர் கிளப்புடன் சேர்ந்து கூட்டணி அணியாகப் பதிவு செய்வார்கள். அடிமட்டத்தில் ஒன்பது பேர், ஏழு பேர் ஆடும் லீக்குகளும் உண்டு. சில சங்கங்களில் ‘நார்வே முறை’ இருக்கிறது: ஓர் அணி ஒன்பது பேருடன் வந்தால் எதிரணியும் இரண்டு பேரை வெளியே உட்கார வைத்துவிட்டு ஒன்பது பேராகவே ஆட வேண்டும். எத்தனையோ ஊர்களில் மகளிர் அணி கலையாமல் இருப்பது இதனால்தான்.

கேள்வி: பெரிய கிளப்புகளின் இரண்டாவது அணி முதல் லீக்குக்கு வர முடியுமா?

பதில்: முடியாது. இரண்டாம் புண்டஸ்லீகாவே அவற்றுக்கு எல்லை.

கேள்வி: கால்பந்தில் ஊறிய நாட்டில் பெண்கள் ஆட்டம் ஏன் இவ்வளவு தாமதம்?

பதில்: 1955இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கமே பெண்கள் அணிகளுக்குத் தடை போட்டது. 1970இல் நீக்கியபோதும் பாதிக்கு 30 நிமிடம், சிறிய பந்து என்று கட்டுப்பாடுகள். தேசிய அளவில் இரண்டாம் லீக் வந்ததே 2004இல்தான், அதுவும் வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவாக. 2018இல்தான் ஒன்றாயிற்று.

கேள்வி: ஜெர்மனிக்கு வந்திருக்கிறேன். எங்கே போய்ப் பார்க்கலாம்?

பதில்: கிரைஸ்லீகா வரைக்கும் ஆட்ட அட்டவணை ‘ஃபுஸ்பால் டாட் டிஇ’ தளத்தில் கிடைக்கும். மாநிலக் கோப்பையை வெல்லும் அணிக்குத் தேசியக் கோப்பையில் இடம் உண்டு. அந்த முதல் சுற்றுகளில் உங்கள் பக்கத்துச் சின்ன அணி ஆடுகிறதா என்று பாருங்கள், ஆடினால் தவறவிடாதீர்கள்.