மனசு தேறியது, மண்டை தேறவில்லை

அன்புள்ள அண்ணாச்சி,

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் அளவுமீறி ஏறி, ஒரு சமயம் சோர்ந்து இறங்குகிற நோய் என்று சொல்லி, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக மனநிலை சீராக இருக்கிறது. டாக்டரும் வீட்டாரும் ‘நல்லாயிட்ட’ என்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தைப் படித்து அடிக்கு வருவதற்குள் மேலே படித்தது போய்விடுகிறது. பிள்ளைகளின் பெயர் வாயில் வருவதில்லை. முன்பு ஒரு மணி நேரத்தில் எடுத்த வினாத்தாளுக்கு இப்போது சாயங்காலம் முழுக்க ஆகிறது. கவிதையும் நின்றுவிட்டது. லித்தியம்தான் மழுங்கடிக்கிறது, விட்டுப் பார் என்கிறார் தெரிந்த கவிஞர் ஒருவர். எனக்கும் அந்த யோசனை இருக்கிறது. வல்லாரை மாத்திரை, மூளைப் பயிற்சி செயலி இதெல்லாம் பலன் தருமா? மறுபடி வாசிக்கத் தொடங்க எந்த நாவலை எடுக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். செயலியில் தினமும் விளையாடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரி ஆகிவிடுவீர்கள். போதும், இந்த இரண்டையும் விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது என் சித்தப்பா நினைப்பாகத்தான் இருந்தேன். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கெழுதினார். சிட்டையில் நாற்பது வரி இருந்தாலும் விரலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, அடியில் கூட்டுத்தொகை விழுந்துவிடும். நடுவயதில் மனச்சோர்வு வந்து படுத்துவிட்டார். மதுரைக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்ததில் எழுந்தார். தூங்கினார், சிரித்தார், கோயில் கொடைக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தார். கணக்கு மட்டும் வரவில்லை. பாதிச் சிட்டையில் விரல் நின்றுவிடும். உதடு முணுமுணுக்கும். விரல் மறுபடி முதல் வரிக்குப் போகும். “சோறு இறங்குது, வேலைன்னா மட்டும் வலிக்குதாக்கும்” என்றார்கள் வீட்டில். அப்படிச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சிரிக்கிற மனுஷனுக்கு இன்னும் நோய் மிச்சமிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

மண்டி முதலாளி படிக்காதவர். அவர் செய்தது இதுதான்: லாரியில் சரக்கு இறங்குகிற காலை நேரத்தில் சித்தப்பாவைக் கணக்குமேசையில் உட்காரவிடவில்லை. மதியம் கடை அடங்கிய பிறகு ஒரே ஒரு சிட்டையைக் கொடுப்பார். பத்து வரிக்கு ஒரு கோடு, கோட்டின் ஓரத்தில் அதுவரைக்குமான கூட்டல், பிறகு அடுத்த பத்து. இடையில் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. பழைய வேகம் கடைசிவரை வரவில்லை. ஆனால் பேரேட்டில் பிசகு வரவில்லை, சம்பளமும் நிற்கவில்லை.

இதே மாதிரியான வேலையை பார்சிலோனா ஆய்வாளர்கள் முறைப்படி செய்து 2013-ல் வெளியிட்டார்கள். பைபோலார் உள்ளவர்களுக்கு வாரம் ஒன்றாக 21 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். வேலையைத் துண்டு போடுவது, குறித்து வைப்பது, நேரத்தைப் பங்கிடுவது என்று அன்றாடத்தை ஒட்டிய பயிற்சி. ஞாபகச் சோதனைகளில் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் வேலையையும் வீட்டையும் சமாளிப்பது தெளிவாகக் கூடியிருந்தது. நீங்களும் வினாத்தாளை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் இன்று, நெடுவினா நாளை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் மனநோய்களை வகை பிரித்தபோது, புத்தி தேய்ந்துபோகும் நோய் ஒன்று, ஏறி இறங்கித் தெளிந்துவிடும் நோய் மற்றொன்று என்றார். நீங்கள் இரண்டாவது வகை. ‘தெளிந்துவிடும்’ என்று எழுதிவிட்டதால், தெளிந்தவரால் ஒரு பக்கம் படிக்க முடிகிறதா என்று நெடுங்காலம் அதிகம் பேர் கேட்கவே இல்லை. மனநிலை சீரான பிறகும் பலருக்கு ஞாபகம், கவனம், திட்டமிடுதல் இவற்றில் குறை தங்குகிறது என்பது இன்று தெரிந்த விஷயம்.

இப்போது லித்தியத்துக்கு வருகிறேன். விட்டுப் பார்ப்பதாமே! தனிம அட்டவணையின் மூன்றாம் எண்ணைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவர் எழுதுகிற வாக்கியமா இது? ஆஸ்திரேலியாவில் 1948-ல் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் முதன்முதலில் லித்தியம் கொடுத்த நோயாளி பல வருடம் மனநல விடுதியில் கிடந்தவர். சில மாதங்களில் தேறி வீட்டுக்குப் போனார். மாத்திரையை விட்டார். திரும்ப விடுதிக்கே வந்தார். மறுபடி லித்தியம் கொடுத்தார்கள். 1950-ல் லித்தியம் நச்சேறி இறந்தார். அன்றைக்கு ரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கமில்லை. விடுவதும் ஆபத்து, மிஞ்சுவதும் ஆபத்து. திடுதிப்பென்று விட்டால் நோய் முழு வேகத்தில் திரும்பலாம், தற்கொலை அபாயமும் கூடுகிறது. அடிக்கடி நோய் திரும்பியவர்களிடம்தான் நீங்கள் சொல்கிற மறதியும் அதிகம்.

பைத்தியத்தில்தான் கவிதை பிறக்கும் என்று மேடைதோறும் சொல்லித் திரிகிற கூட்டம் நம்மிடம் உண்டு. அவர்கள் யாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவில் உட்கார்ந்தவர்கள் இல்லை. டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ லித்தியம் எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களைக் கேட்டு 1979-ல் எழுதினார். 12 பேர் முன்பைவிட அதிகமாகப் படைத்தார்கள், 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. அந்தக் கடைசி ஆறு பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம், மறுக்கவில்லை. லித்தியம் சிலரை மந்தப்படுத்தத்தான் செய்கிறது. அதைச் சொல்லவேண்டிய இடம் டாக்டரின் அறை. அங்கே போய் “தூக்கம் எப்படி?” என்றால் “பரவாயில்லை சார்” என்று சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். வினாத்தாள் கதையை எனக்கு எழுதியபடியே அவரிடம் சொல்லுங்கள். லித்தியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டும் பார்க்கவேண்டும், லித்தியம் அதைக் குறைக்கக்கூடும், தைராய்டு குறைந்தாலே மூளை மந்தமாகும். தூக்க மாத்திரை, நடுக்கத்துக்கான மாத்திரை என்று கூட எதுவும் இருந்தால் அந்தப் பட்டைகளையும் மேசையில் வையுங்கள். மறதிக்கு அவையும் காரணமாக இருக்கலாம். எதைக் குறைப்பது, எதை மாற்றுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

நாவல் இப்போது வேண்டாம். நாலைந்து பக்கத்தில் முடிகிற சிறுகதைகளாகப் படியுங்கள், பென்சிலோடு. அந்தக் கவிஞரின் நம்பரை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.