அனுபியாஸ் தொட்டிக்கு என்ன லைட்? வாட் கணக்கை விடுங்கள்

இரண்டடி மீன் தொட்டியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் கிரிப்டோகோரைன் என்று நீர்ச்செடிகள் வைத்திருக்கிறேன், எத்தனை வாட் லைட் போடுவது, சிவப்பும் நீலமும் கலந்த 'செடி லைட்'தான் வாங்க வேண்டுமா என்பதுதானே கேள்வி? வேண்டாம். சாதாரண வெள்ளை எல்இடி போதும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். செடி என்றால் வெளிச்சம் வேண்டும், நிறைய வெளிச்சம் என்றால் நிறைய வளர்ச்சி என்று நினைத்து, கிடைத்ததிலேயே பளிச்சென்று இருந்த லைட்டை வாங்கி மாட்டி, காலையில் போட்டால் ராத்திரி தூங்கப் போகும்போதுதான் அணைப்பேன். ஒரு மாதத்தில் அனுபியாஸ் விட்டது ஒரே ஒரு புது இலை. ஆனால் பழைய இலை எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி புள்ளியாகப் பாசி, தேய்த்தாலும் போகாது. கண்ணாடியில் படிந்ததை பிளேடால் சுரண்டிவிடலாம், இலையில் படிந்தால் அந்த இலையை வெட்டி எறிய வேண்டியதுதான். (நம்மிடம் மாஸையும் பாசி என்போம், ஆல்கேவையும் பாசி என்போம். நான் திட்டுவது இரண்டாவதை.)

காரணம் எளிது. இந்தச் செடிகளுக்கு இயல்பே மெதுவான வளர்ச்சி. மேற்கு ஆப்பிரிக்கப் பக்கம் மர நிழலில், ஓடைக் கரைப் பாறையில் ஒட்டி வளர்கிற அனுபியாஸுக்கு அவசரமே கிடையாது. கார்பன் டை ஆக்சைடும் சத்தும் கூடாமல் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது, மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஒரு இலை பல மாதம் அப்படியே இருப்பதால் பாசிக்கு அதில் குடியேற நேரமும் நிறையக் கிடைக்கிறது.

சரி, அளவுக்கு வருவோம். 'இத்தனை லிட்டருக்கு இத்தனை வாட்' என்ற கணக்கு டியூப் லைட் காலத்தது. வாட் என்பது லைட் இழுக்கும் மின்சாரத்தின் அளவுதானே தவிர, அது தரும் வெளிச்சத்தின் அளவு அல்ல. எல்இடிக்கு லூமென் பாருங்கள், அதுதான் வெளிச்சத்தின் அளவு. இதுபோன்ற செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரத் தொட்டியில் மணல், கல் எல்லாம் போக 55 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்தால், 550 முதல் 1100 லூமென் வரை. வீட்டில் போடும் 9 வாட் எல்இடி பல்பே 800, 900 லூமென் தந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். லூமென் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, செடி பயன்படுத்தும் வெளிச்சத்துக்கான அளவு 'பார்' (PAR) என்பதெல்லாம் உண்மைதான், அதற்குத் தனி மீட்டரும் உண்டு, ஆனால் இந்தச் செடிகளுக்காக மீட்டர் வாங்குவது அதிகப்படி.

ஆழத்தை மட்டும் மறக்க வேண்டாம். அதே லைட் உயரமான தொட்டியில் அடிவரை பாதி வலுவில்கூடப் போகாமல் இருக்கலாம், மேல் மூடிக் கண்ணாடியில் உப்புக்கறை படிந்திருந்தால் இன்னும் குறையும். அதே மாதிரி லைட் அதிகம் என்று தெரிந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை, ஸ்டாண்டைச் சற்று உயர்த்தலாம், இல்லை சால்வினியா மாதிரி மிதக்கும் செடியை விட்டு நிழல் பண்ணலாம். புதிதாக வாங்குவதாக இருந்தால் டிம்மர் உள்ளதாக வாங்குங்கள், நான் கூடுதல் காசு கொடுப்பது அதற்கு மட்டும்தான்.

நிறம்? 6500 கெல்வின் என்று போட்டிருப்பதை எடுத்தால் பகல் வெளிச்சம் மாதிரி இருக்கும், இலை இயல்பான பச்சையில் தெரியும். 3000 கெல்வினிலும் செடி வளரும், தொட்டி மட்டும் மஞ்சளடித்துப் போய் இருக்கும். வெள்ளை எல்இடி என்பதே நீல சிப்பின் மேல் பாஸ்பர் பூசியதுதான், செடிக்கு வேண்டிய நீலம், சிவப்பு இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா லைட்டின் கீழே பச்சை இலை கறுத்துத் தெரியும், மீனைப் பார்த்தாலும் பாவமாக இருக்கும்.

இத்தனை சொன்னாலும், லைட்டைவிட முக்கியம் டைமர். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், அப்புறம் எல்லாம் நிதானத்துக்கு வந்தால் 8. அதற்கு மேல் வேண்டாம். கையால் போட்டு அணைக்கிறேன் என்பவர்கள் (நானும் சொன்னேன்) ஒரு நாள் 5 மணி நேரம், ஒரு நாள் 13 என்றுதான் ஓட்டுவார்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் டைமரும் பிரயோஜனம் இல்லை, தொட்டியை நகர்த்துங்கள்.

வெளிச்சம் குறைவு என்றால் கிரிப்டோகோரைன் காம்பு நீண்டு மேலே எட்டிப் பார்க்கும், புது இலைகள் சிறுத்து வரும். அப்போது அரை மணி நேரம் கூட்டிவிட்டு மூன்று வாரம் பொறுங்கள். பழைய இலை மஞ்சளாவது பெரும்பாலும் சத்துக் குறைபாடு, லைட்டைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். லைட்டைத் திடீரென மாற்றினால் கிரிப்டோகோரைன் இலையெல்லாம் கூழாகி விழலாம், பயந்து பிடுங்கிவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி வரும்.

அப்புறம் ஒன்று, லைட் ஒயரை பிளக்குக்குக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டு மாட்டுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் பிளக்கிற்குப் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.