நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை?

கேள்வி: சோமனூரில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறேன். தறி ஓடும்போது பச்சை எல்இடி மினுங்க வேண்டும், பாவு நூல் அறுந்து டிராப் பின் (ஒவ்வொரு பாவு நூலிலும் தொங்கி, நூல் அறுந்தால் விழுந்து மின்தொடுகை தரும் உலோகத் தகடு) விழுந்தால் சிவப்பு எரிய வேண்டும் என்று, புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டான ஆர்டுயினோ நானோ மாதிரி ஒன்றை வாங்கினேன். புரோகிராமை ஏற்றும்போது ‘நாட் இன் சிங்க்’ என்ற பிழை பலமுறை வந்து, ஒருவழியாக ஏறியது. பச்சை ஒழுங்காக மினுங்குகிறது. சிவப்பு சில நேரம் தாமதமாக எரிகிறது, சில நேரம் எரிவதே இல்லை. போர்டு பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பச்சை எல்இடி நீங்கள் எழுதிய வேகத்தில் மினுங்குகிறது என்றால் கேபிள், டிரைவர், சிப் மூன்றும் தம் வேலையைச் செய்கின்றன.

ஏற்றும்போது வந்த பிழைக்குப் பெரும்பாலும் ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் செய்யும் தேர்வே காரணம். விலை குறைந்த நானோ போர்டுகள் பலவற்றில் பழைய பூட்லோடர் (கணினியிலிருந்து புரோகிராமை வாங்கிச் சிப்பில் பதிக்கும் சிறு நிரல்) இருக்கும். அது 57,600 பாட் (தகவல் அனுப்பும் வேக அளவு) வேகத்தில் பேசும், புதியது 1,15,200 வேகத்தில் பேசும். ஆகவே ‘புராசஸர்’ என்ற இடத்தில் ‘ஓல்ட் பூட்லோடர்’ உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். போர்டின் 0, 1 ஆகிய இணைப்புப் பின்களில் எதையாவது இணைத்திருந்தால் ஏற்றும்போது கழற்றிவிடுங்கள். கணினியுடன் பேசும் வழி அதுதான்.

சிவப்பு விளக்கின் சிக்கல் ‘டிலே’ என்ற கட்டளையில் இருக்கிறது. பச்சையை ஒரு விநாடி எரியவிட்டு ஒரு விநாடி அணைக்க ‘டிலே 1000’ என்று இரண்டு இடங்களில் எழுதியிருப்பீர்கள். அந்த இரண்டு விநாடியும் சிப் வேறெதையும் பார்க்காமல் காத்துக்கொண்டே இருக்கும். டிராப் பின்னைப் படிக்கும் வரி இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் வரும். விழுந்த டிராப் பின்னோ தறியின் அதிர்வில் விட்டு விட்டுத் தொடும். படிக்கும் அந்தக் கணத்தில் அது தொடாமல் இருந்தால், நூல் அறுந்தது போர்டுக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே ‘டிலே’யை எடுத்துவிட்டு ‘மில்லிஸ்’ பயன்படுத்துங்கள். போர்டு இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி கடந்தது என்பதை அது சொல்லும். கடைசியாக விளக்கை மாற்றிய நேரத்தை ஒரு மாறியில் (புரோகிராமில் மதிப்பைச் சேமிக்கும் இடம்) வைத்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, விடை 1000 அல்லது அதற்கு மேல் ஆனால் மட்டும் பச்சையை மாற்றுங்கள். அதுவரை, திரும்பத் திரும்ப ஓடும் புரோகிராம் பகுதியான ‘லூப்’ நிற்காமல் சுற்றி டிராப் பின்னைப் படித்துக்கொண்டே இருக்கும். அந்த மாறி ‘அன்சைன்டு லாங்’ (குறை எண் இல்லாத பெரிய முழு எண்) வகையாக இருப்பது அவசியம். இரவு பகலாக ஓடும் கூடத்தில் சுமார் 49 நாள் 17 மணி நேரத்தில் அந்த எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பும். கழித்துப் பார்க்கும் முறையில் எழுதினால் அப்போதும் கணக்குப் பிசகாது.

தொடுகை ஒருமுறை கிடைத்ததும் அதை இன்னொரு மாறியில் குறித்து வைத்து, அறுந்த இழையை முடிந்துவிட்டு ஆள் பொத்தானை அழுத்தும்வரை சிவப்பு எரியும்படி செய்யுங்கள். டிராப் பின் விட்டு விட்டுத் தொடுவது இனி தொல்லையாக இராது.

ஒயரிங்கிலும் கவனம் தேவை. தொடுகை இல்லாதபோது போர்டின் பின்னை 5 வோல்ட்டில் பிடித்துவைக்க ‘இன்புட் புல்லப்’ தரும் உள் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம்ஸ் வரை இருக்கும். மோட்டார் அருகே நீண்ட ஒயர் போனால் அது போதாமல் பொய்யான சிக்னல் வரக்கூடும். எனவே போர்டின் அந்தப் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். டிராப் பின் தொடுகையில் தறியின் சொந்த மின்சாரம் ஓடுகிறதென்றால் அதை நேரடியாகப் போர்டில் கொடுக்கவே கூடாது, நடுவில் ஆப்டோகப்ளர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் பாகம்) வேண்டும். எல்இடி ஒவ்வொன்றுக்கும் 330 ஓம்ஸ், அதாவது ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்புக் கோடு உள்ள ரெசிஸ்டர் போதும். சிவப்பு எல்இடியில் சுமார் 9 மில்லிஆம்பியர்தான் ஓடும்.

புதிய புரோகிராமை ஏற்றியபின் தறியை நிறுத்தி வைத்து, டிராப் பின்னைக் கையால் ஒரு நொடி தொடவைத்து எடுத்துப் பாருங்கள். இருபது முறை தொட்டு, இருபது முறையும் சிவப்பு எரிந்தால் மட்டும் தறியில் பொருத்துங்கள்.