நாடித்துடிப்பு 46... பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. நான்கு வருடமாக வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். உடல் பரிசோதனையில் எடுத்த ஈ.சி.ஜி. தாளில் துடிப்பு 46 என்றும், பக்கத்தில் 'சைனஸ் பிராடிகார்டியா' என்றும் அச்சாகியிருந்தது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் பேஸ்மேக்கர் வைக்கவேண்டி வருமோ என்று வீட்டில் கலங்குகிறார்கள், டாக்டர்.

பதில்: சைனஸ் பிராடிகார்டியா என்றால், இதயம் வழக்கமான இடத்திலிருந்தே கிளம்பி மெதுவாகத் துடிக்கிறது என்று பொருள். அந்த வார்த்தையை எழுதியது இயந்திரம். 60-க்குக் கீழே வந்தாலே அப்படி அச்சிடும். நீங்கள் ஓடுகிறவர் என்பது அதற்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் போதும். பயிற்சி இல்லாதவரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி தள்ளுகிறது. அதனால் 70 தடவை துடிக்கவேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் ஓடினவரின் இடது கீழறை விரிந்து, ஒரு துடிப்புக்கு 100 மில்லியைத் தாண்டும். 108 மில்லி வீதம் 46 தடவை தள்ளினால் அதே 5 லிட்டர் வந்துவிடுகிறது. இன்னொன்று, நரம்புகளின் பிடியே இல்லாமல் விட்டால் இதயம் 100-ஐ ஒட்டித் துடிக்கும். அதை இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் வேகஸ் நரம்பு. ஓட்டப் பயிற்சி அந்தப் பிடியை இறுக்குகிறது. துடிப்பைக் கிளப்பும் சைனஸ் கணுவும் பயிற்சியில் தானாகவே கொஞ்சம் நிதானப்படுகிறது. (பளு மட்டும் தூக்குகிறவர்களுக்கு இந்த இறக்கம் அவ்வளவாக வராது.)

ஆகவே எண்ணைவிட, தேவைப்படும்போது துடிப்பு ஏறுகிறதா என்பதே முக்கியம். இரண்டு மாடி வேகமாக ஏறிவிட்டு உடனே நாடியைப் பாருங்கள். 46 விறுவிறுவென்று ஏறி, நின்றதும் இறங்கினால் கவலையில்லை. ஏறாமல் 60-இலேயே தயங்கி நின்று, மூச்சும் வாங்கினால் டிரெட்மில் பரிசோதனை தேவை.

தொடர்ந்து ஓடுகிறவருக்கு, தொந்தரவு ஏதும் இல்லாதபோது, 30 வரை இறங்கிய சைனஸ் துடிப்பையும் மருத்துவர்கள் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 30-க்கும் கீழே போனாலோ, 3 விநாடிக்கு மேல் துடிப்பு நின்று நின்று வந்தாலோ ஆராய வேண்டும். ஈ.சி.ஜி.யில் முதல் நிலைத் தடை, வென்கெபாக் (இரண்டும் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போவதில் வரும் லேசான தடைகள்) என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பயிற்சியின் விளைவுதான், ஓடும்போது மறைந்துவிடும். 'மோபிட்ஸ் 2' அல்லது முழுத் தடை என்று கடுமையான வகைத் தடை இருந்தால் பயிற்சியின் பெயரைச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. ஓடும்போதே மயங்கி விழுந்தால், துடிப்பு எவ்வளவு இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: தினமும் சைக்கிள் ஓட்டுகிறேன். சாதாரணமாக 54 காட்டும் என் ஸ்மார்ட் வாட்ச், சில சமயம் திடீரென்று 36 என்கிறது. எதை நம்புவது?

பதில்: விரலை நம்புங்கள். காலையில் எழுந்திருக்கும் முன், படுத்தபடியே, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலே கணக்கில் 4 பிசகும். மூன்று நாள் எடுத்துச் சராசரி பாருங்கள்.

தூக்கத்தில் 36 என்றால் உங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. விழித்திருக்கும்போது காட்டினால், பட்டை தளர்ந்திருக்கலாம், கை சில்லிட்டிருக்கலாம். முந்திக்கொண்டு வரும் துடிப்பும் காரணமாகலாம். அந்தத் துடிப்பில் இதயம் நிரம்புமுன்பே சுருங்குவதால் மணிக்கட்டுக்கு அலை எட்டாது. ஒன்றுவிட்டு ஒன்று அப்படி வந்தால் 72 துடிப்பை வாட்ச் 36 என்று எண்ணும். விரலுக்கும் அந்த அலை தட்டுப்படாது, ஈ.சி.ஜி.யில்தான் தெரியும். நாடி விட்டுவிட்டு வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 66. தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். நாடி 44. நடைப்பயிற்சியின் பலன் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் இரண்டு மாதமாகச் சோர்வு, எழுந்தால் கிறுகிறுப்பு. மாத்திரை எதுவும் இல்லை. கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து மட்டும் போடுகிறார்.

பதில்: அரை மணி நடை நல்லதுதான், ஆனால் நாடியை 44-க்குக் கொண்டுவரும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. புதிதாகச் சோர்வும் கிறுகிறுப்பும் சேர்ந்திருப்பதால் இந்த வாரமே ஈ.சி.ஜி., தைராய்டு, பொட்டாசியம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மயங்கி விழுந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கண் மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் டிமோலால் இருந்தால் அது பீட்டா பிளாக்கர் வகை. கண்ணிலிருந்து மூக்குக்குள் வடிந்து, மருந்தைச் சிதைக்கும் கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலந்து இதயத்தை மெதுவாக்கும். சொட்டு மருந்தை யாரும் மருந்தாகச் சொல்வதில்லை, மருத்துவரும் சில சமயம் கேட்க மறந்துவிடுகிறார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பார்வைக்கு ஆபத்து. கண் மருத்துவர் வேறு வகைக்கு மாற்றித் தருவார். அதுவரை ஒவ்வொரு முறை சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை 2 நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கும் அளவு குறையும்.