முன்சீப் வீட்டில் வளர்ந்தவள் சொல்கிறேன்

சட்டம் கடைசி வருடம் படிப்பதாகவும், டிஎன்பிஎஸ்சி நடத்தும் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதினால் குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்து முடித்த கையோடு எழுத முடியாது. 2002இல் எடுத்துவிட்ட மூன்று வருட வக்கீல் அனுபவ நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. எனக்கு அது சரியென்றே படுகிறது. கூண்டில் நிற்கும் சாட்சி ஏன் திணறுகிறார் என்பது புத்தகத்தில் இருக்காது.

குடும்பம் என்றீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். அப்பா முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை சிவில் ஜட்ஜாக, இருந்த ஓர் ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்தான் என் தோழி. எனக்குப் பதினொரு வயது. அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்குமான பாகப்பிரிவினை வழக்கு அப்பாவின் கோர்ட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலம், "கேஸ் முடியறவரைக்கும் அவங்க வீட்டுக்குப் போகாதேம்மா" என்றார் அப்பா. காரணம் சொல்லவில்லை. துணி எடுக்க மாடிக்குப் போனால் அவள் அங்கிருந்து கூப்பிடுவாள். காதில் விழாத மாதிரி இறங்கிவிடுவேன்.

வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றியிருக்கலாமே என்று சிலர் வருவீர்கள். அந்த ஊரில் இருந்ததே ஒரு முன்சீப் கோர்ட். தோழியின் அப்பாவை வாசலில் பார்த்தால் அப்பா தலையசைப்பதோடு சரி. அந்தப் பழக்கத்துக்கே மாற்றுவதென்றால் கோர்ட்டில் இருக்கும் வழக்குக் கட்டுகளில் பாதி வெளியூர் போக வேண்டியதுதான்.

வாய்தா மேல் வாய்தாவாக இரண்டு வருடம். வாதம் முடிந்த பிறகு அந்தக் கட்டு எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. இரவு பதினொன்றுக்கு மேலும் அப்பா எழுதுவார், அடிப்பார், மறுபடி பத்திரத்தைப் பிரிப்பார். தீர்ப்பு தோழியின் அப்பாவுக்குப் பாதகம். அடுத்த மாதமே எங்களுக்கு மாறுதல். லாரியில் பீரோ ஏறும்போது, "கேஸ்தான் முடிஞ்சிடுச்சே, போகட்டுமாப்பா?" என்று கேட்டேன். "போய்ட்டு வா" என்றார். போனேன். கதவைத் தட்டியும் யாரும் திறக்கவில்லை.

புது ஊர்ப் பள்ளியில், நடுவில் வந்தவளுக்குத் தமிழ்ப் பிரிவில் இடமில்லை என்று இந்தியில் உட்கார வைத்தார்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிக்காமல் போன கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

ஜட்ஜுக்கு மே மாதம் முழுக்க லீவுதானே என்பவர்களுக்கு: அது சிவில் கோர்ட்டுக்கு. கிரிமினல் வழக்கு பார்க்கும் மாஜிஸ்திரேட்டாக இருந்த வருடங்களில் அப்பாவுக்கு அதுவும் இல்லை.

தேர்வை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். உங்கள் பிள்ளையிடம் ஒரு வீட்டுக்குப் போகாதே என்று சொல்ல நேர்ந்தால், ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள். பதினொரு வயதுக்குப் புரியும்.